கட்டாத வீட்டுக்கு மணல்

காலை ஏழு இருபது.

"மணல் வந்தாச்சு, மகாராணி! வீடு எப்போ? நான் செத்தப்புறமா?"

போன்கானோ படகிலிருந்து கத்தினான். தென்கரையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஃபூரேராவும் சிரித்தாள். வடகரையில் வாழும் அவன் அவளுக்கு அத்தை மகன். கேலி பேச முறை உண்டு.

"என்ன அவசரம் மச்சான்? உன் மண்டை மாதிரி காலி வீடு எனக்கெதுக்கு? கொட்டிட்டு வெங்காயத்தை எடுத்துக்கோ."

ஒன்பது வருஷமாக இதுதான் பேரம். அவனும் தம்பிகளும் தங்கள் கரையோரம் தோண்டி தினம் நாலு படகு மணல் தருவார்கள். அவள் ஒரு கூடை வெங்காயம் தருவாள். ஆற்று விளிம்பில்தான் கொட்ட வேண்டும். மழைக்காலத்து வெள்ளத்தில் குவியல் கரைந்து ஆற்றுக்குள் இறங்கிவிடும். மறுபடி வாங்குவாள். ஒரு செங்கல்கூட வைத்ததில்லை.

"மேட்டுப் பக்கம் தள்ளிக் கொட்டச் சொன்னா கேக்க மாட்டா," என்றாள் பக்கத்து வீட்டு ஹஜாரா. "பைத்தியம்னு நாங்க எப்பவோ முடிவு பண்ணிட்டோம்."

சிரிப்பு சட்டென்று நின்றது. தூரத்தில் இரண்டு கொடி கட்டிய விசைப்படகு தெரிந்தது.

ஆற்றின் வடகரை நைஜர் நாடு. தென்கரை பெனின். நடுவில் முதலைத் திட்டு. அதில் தென்கரைப் பெண்கள் வெங்காயம் போடுகிறார்கள். நாற்பது குடும்பங்களின் சோறு அது. ஆனால் திட்டு எந்த நாட்டுடையது என்று முடிவாகவில்லை. ஒன்பது வருஷம் முன்பு வந்த அதிகாரிகள் இரண்டு அரசும் ஒப்புக்கொண்ட விதியைச் சொன்னார்கள். திட்டின் இருபுறம் ஓடும் கிளைகளில், அளக்கும் நாளில் எது ஆழமோ அதுவே எல்லை. தென்கிளை ஆழமென்றால் திட்டு நைஜருக்கு. வடகிளை என்றால் பெனினுக்கு. கருவி வந்ததும் அளப்போம் என்று போனவர்கள் இன்றுதான் வந்தார்கள்.

"எங்க தாத்தா காலத்திலேருந்து தென்கிளைதான் ஆழம்," என்றான் போன்கானோ, கூடையைத் தூக்கிக்கொண்டே. "அடுத்த பட்டம் வெங்காயம் நாங்க போடுவோம். நீ வேணா களை எடுக்க வா. கூலிக்கு மணல் தரேன்."

"வாயைக் கழுவுடா," என்றாள் ஹஜாரா.

விசைப்படகு இரு கிளைகளிலும் மும்முறை போய் வந்தது. பதினொரு மணிக்கு அதிகாரி கரையேறினார். இரு நாட்டுக்காரர்களும் கையெழுத்திட்ட தாளைப் பிரித்தார்.

"தென்கிளை, ஒன்றேகால் மீட்டர்."

தாளைத் திருப்பினார்.

"வடகிளை, நாலரை மீட்டர். திட்டு பெனினுக்கு."

நாற்பது பெண்களின் குலவை எழுந்தது. ஹஜாரா சுரைக்குடுவையைக் கவிழ்த்துப் போட்டு அடித்தாள். யாரோ ஒருத்தி அதிகாரியின் தொப்பியைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆடினாள்.

அதிகாரி பழைய வரைபடத்தைப் பார்த்துத் தாடையைச் சொறிந்தார். "இதுல அப்படியே தலைகீழா இருக்கே."

"பொய்!" போன்கானோ கூடையைக் கீழே போட்டான். "வடகிளையில சின்ன வயசுல நாங்க நடந்தே போவோம். இடுப்பளவு தண்ணி!"

ஃபூரேரா குனிந்து, சிதறிய வெங்காயத்தைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். அதை அவன் கையில் கொடுத்தாள்.

"கடைசிக் கூடை மச்சான். இனிமே மணல் வேண்டாம்."

"ஏன்?"

"வீடு கட்டியாச்சு."

அவள் அவன் காதருகே போனாள்.

"இத்தனை வருஷமா எந்தக் கிளையில தோண்டினே? எந்தக் கிளையில கொட்டினே?"