வடக்குப் பக்கத்துப் பலகைகள்

பதினோராம் எண் பலகையை கினுயோ உருவியபோது, அதன் பின்னாலிருந்து செத்த நாற்றப்பூச்சிகள் கை நிறைய உதிர்ந்தன.

குளிர்காலம் முழுக்க சன்னலுக்கும் பலகைக்கும் நடுவே ஒண்டிக் கிடந்தவை. துடைப்பத்தால் ஓரமாகத் தள்ளினாள்.

ஏப்ரல் பிறந்துவிட்டது. மலையடிவாரத்தில் இந்த வாரம் எல்லா வீட்டிலும் இதே வேலைதான். பனியின் அழுத்தத்துக்குப் பயந்து நவம்பரில் சன்னல்களுக்கு வெளியே குறுக்காகச் செருகிய பலகைகளைக் கழற்ற வேண்டும். நசுங்கிப்போன கூரைத் தகரத்தை நிமிர்த்த வேண்டும். புகைபோக்கியில் கரி தட்ட வேண்டும்.

ஒவ்வொரு பலகையின் முதுகிலும் எண் எழுதியிருந்தது. எந்தச் சன்னல், எத்தனையாவது வரிசை. அவள் புருஷன் தொகுஜியின் கையெழுத்து.

"விட்டா அண்ணன் பல்குத்துற குச்சிக்கும் நம்பர் போடுவான்" என்றான் யோசுகே, ஏணியில் நின்றபடி. தொகுஜியின் தம்பி.

"நீ உன் வீட்டுப் பலகைய விறகோட விறகா வீசிட்டு வந்தவன்தானே. பேசாம கழட்டு தம்பி."

இருவரும் சிரித்தார்கள். சிரித்தது தப்போ என்பதுபோல் சட்டென்று நிறுத்தினார்கள்.

தொகுஜி காணாமல் போய் இன்றோடு எழுபத்தொன்பது நாள்.

ஜனவரியில் ஊர்க் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. ஊற்றுக்கண்ணைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று, பச்சை மேல்கோட்டை மாட்டி, பனியில் கால் புதையாமலிருக்கப் பிரம்பு வளையங்களைக் கட்டிக்கொண்டு மத்தியானம் மலையேறினார். போகும்போது, "ராத்திரிக்குச் சூடா ஏதாச்சும் வை" என்றார். கொஞ்ச நேரத்தில் மேலே பனி சரிந்தது. அவருடைய ஊன்றுகோல் மட்டும் சரிவின் ஓரத்தில் கிடைத்தது. பெய்த பனியில் காலடித் தடம் எல்லாம் மூடிப்போயிருந்தது.

போலீஸ்காரர்களும் தீயணைப்புக்காரர்களும் ஆறு நாள் வரிசையாக நின்று, நீளமான கழிகளால் பனியைக் குத்திக் குத்திப் பார்த்தார்கள். பிறகு, உருகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஊர்க்காரர்கள் விடவில்லை. சாம்பல் தூவினால் பனி சீக்கிரம் கரையும். வயலில் வழக்கமாகச் செய்வதுதான். இந்த வருஷம் எல்லா அடுப்புச் சாம்பலும் வயலுக்குப் போகாமல் மலைச்சரிவுக்குப் போனது. தினமும் காலையில் கினுயோ தன் அடுப்பை ஒட்ட வழித்து, மூட்டை கட்டி யோசுகேயின் முதுகில் ஏற்றினாள்.

சரிவில் இப்போது ஓடைக் கற்கள் தெரிய ஆரம்பித்துவிட்டன.

"இன்னும் ரெண்டு நாள்ல கெடச்சிருவான் அண்ணி" என்று காலையில் அவன் சொல்லியிருந்தான்.

அதற்காகத்தான் இந்த அவசரம். பெரிய அறையில் பாய்களை வெயிலில் போட்டு எடுத்துவிட்டாள். காகிதத் தடுப்புக் கதவுகளுக்குப் புதுக் காகிதம் ஒட்டிவிட்டாள். இன்னும் குளிர் விடாதபோதே அங்கிருந்த கணப்பைத் தூக்கி வெளியே வைத்துவிட்டாள். அவரைக் கிடத்தப்போகிற அறை குளிர்ந்திருக்க வேண்டும். தாழ்வாரத்துப் பலகைகளை முதலில் கழற்றியதும் அதற்குத்தான். சவப்பெட்டி அந்த வழியாகத்தான் இறங்கும்.

மிச்சம் வடக்குப் பக்கம் மட்டும். சமையலறையின் பின்சுவர்.

அங்கே வெயில் படாது. கூரையிலிருந்து சரிகிற பனியெல்லாம் அந்தச் சுவரோரம்தான் குவியும். வருஷா வருஷம் கூரை விளிம்பு வரை ஏறி, மே மாதம்தான் முழுசாகக் கரையும். யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்றைக்கு இடுப்பளவுக்கு அமுங்கிக் கிடந்தது.

யோசுகே மண்வெட்டியோடு குவியல்மேல் ஏறினான். கினுயோ உள்ளே போய், இறுகிக் கிடந்த பலகைகளைச் சன்னல் வழியாகத் தள்ளிக்கொடுத்தாள்.

முதல் பலகை போனது. கழுவுதொட்டிமேல் ஒரு கோடு வெளிச்சம் விழுந்தது.

இரண்டாவதும் போனது.

மூன்றாவதற்குக் கால் ஊன்ற இடம் வேண்டுமென்று அவன் பனியை வெட்டினான். நாலைந்து வெட்டு. அப்புறம் சத்தமே இல்லை.

"தம்பி?"

இடைவெளியில் அவன் முகம் தெரிந்தது. தன் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, அங்கேயே இருங்க. வெளிய வராதீங்க."

அவள் சன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள்.

பச்சை மேல்கோட்டின் கை ஒன்று. பிரம்பு வளையம் கட்டிய கால் ஒன்று. அதன் முனை வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

மலையிலிருந்து இறங்குகிற ஒற்றையடிப் பாதை இந்தச் சுவரை ஒட்டித்தான் வாசலுக்கு வரும்.

மலையில் சரிந்த பனி அவரைத் தொடவே இல்லை. முழுத் தூரமும் நடந்து இறங்கி வந்துவிட்டார்.

"ஊர்க்காரங்க இன்னும் மேல தோண்டிட்டிருக்காங்க. நான் போய்ச் சொல்லணும்" என்றான் யோசுகே. ஆனால் நகரவில்லை. மண்டியிட்டு, வெறுங்கையால் பனியை விலக்க ஆரம்பித்தான்.

கினுயோ தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எழுபத்தொன்பது நாளும் இங்கேதான் நின்று முள்ளங்கி நறுக்கினாள். கை நீட்டினால் எட்டுகிற தூரம். நடுவே ஒரு கண்ணாடி, ஒரு பலகை.

அவர் போன அன்று சாயங்காலமும் இங்கேதான் நின்றிருந்தாள்.

அரிசி களைந்துகொண்டிருக்கும்போது, கூரைப் பனி மொத்தமாகச் சரிந்து சுவருக்கு வெளியே தடாலென்று விழுந்தது. அலமாரியில் கிண்ணங்கள் கலகலவென்று ஆடின. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

நல்லதாப் போச்சு, நாளைக்கு அவர் கூரை ஏற வேண்டியதில்லை என்று நினைத்தாள். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. மறுபடி குனிந்து அரிசியைக் களைந்தாள்.