ஒரே ஒரு பேரு

"ஒரே ஒரு பேருதான்ப்பா. தட்டிப் பார்த்துச் சொன்னா உன் விரல் தேஞ்சா போயிரும்?"

மெகருன்னிசா கேட்டதும் முனியராஜ் சிரித்தான். சிரிப்பெல்லாம் நல்லாத்தான் இருந்தது. காரியம்தான் ஆகவில்லை.

"முடியாதும்மா. கோவிச்சுக்கிடாதீக."

விருதுநகர் காசநோய் ஆபீசில் கம்ப்யூட்டர் அறை என்றால் ஒரு மேஜை, ஒரு ஃபேன், வாசலில் ஒரு பச்சைத் திரை. அம்புட்டுதான். யாருக்கு நோய், எந்த ஊர், எத்தனை மாத்திரை தின்றார்கள், எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அதை ஏற்றுகிற ஆள் முனியராஜ்.

மெகருன்னிசாவுக்கு அந்த ஆபீஸ் புதுசில்லை. அந்தக் கதை இப்போது எதுக்கு? இன்றைக்கு வந்தது நல்ல காரியமாக.

மகள் நாஜியாவுக்குச் சிவகாசியில் இருந்து சம்பந்தம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை அன்வர், பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறான். வெள்ளிக்கிழமை பேசி முடிக்க வேண்டும். காலண்டர் சீசன் முடிந்ததும் நிக்காஹ். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தி வந்த நேரத்தில், பெண் பார்க்க வந்த இடத்தில், அந்தப் பிள்ளை டீயைக் கையில் வாங்கிக்கொண்டு மூணு தடவை இருமித் தொலைத்துவிட்டான்.

"பேப்பர் தூசியா இருக்கும்மா," என்றான் முனியராஜ்.

"தூசின்னா ஒரு தடவையோட நிக்காதா? அவன் பேரு இதுல இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லு ராசா. பெத்த மனசு கெடந்து அடிச்சுக்கிடுது."

அவன் சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைக் காட்டினான்.

"ஆபீஸ் வேலைக்குத் தவிர யாரு பேரையும் இதுல தேடக் கூடாது. படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கேன். மீறினா சீட்டு கிழிஞ்சிரும்."

"இங்கன நீயும் நானும்தானே இருக்கோம்? இந்தச் சுவரா போய்ச் சொல்லப் போகுது?"

"அதுக்கில்லம்மா. நாளைக்கு அந்த அன்வரை எங்கிட்டாவது பார்த்தா, அவர் மூஞ்சில நான் எப்படி முழிக்க?"

ஆமா, பெரிய யோக்கியன்! பெண்ணைப் பெற்றிருந்தால் தெரியும் இவனுக்கு. எழுந்து போகவும் மனசில்லாமல் அவள் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். எப்படியும் மனசு இளகுவான் என்று ஒரு நப்பாசை. அவன் ஏதோ நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டான்.

மத்தியான நேரம். ஃபேன் கிறக்கமாய்ச் சுற்றியது. தொடுவாரில்லாத கம்ப்யூட்டர் தானாகக் கறுத்து, அதற்குள் நட்சத்திரங்கள் பறக்க ஆரம்பித்தன. எங்கிருந்தோ கிளம்பி அவள் முகத்துக்கு நேரே வந்து, காதோரமாய் நழுவிப் போயின. பார்க்கப் பார்க்கக் கண் சொக்கியது. அந்த நட்சத்திரங்களுக்கு நடுவிலே நாஜியா வந்தாள். ரோஸ் கலர் பட்டு, கை நிறைய மருதாணி, கன்னம் பூசினாப்போல. சிரித்துக்கொண்டே காற்றில் நடந்து வந்தாள். பூ வாசம்கூட வந்தது. அடி என் கண்ணே என்று இவள் கையை நீட்டினாள்.

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

கனவு கலைந்தது. முனியராஜ் எழுந்து திரையை விலக்கி வெளியே போனான்.

"வாங்க பாய். என்ன வேணும்?"

திரை இடுக்கு வழியாகப் பார்த்த மெகருன்னிசாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்திருந்தது நைனா முகம்மது. அன்வரைப் பெத்த அத்தா! முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சுவரோடு சுவராக ஒண்டினாள்.

"ஒரு சின்ன உபகாரம் தம்பி. ஒரு பிள்ளை பேரு உங்க கம்ப்யூட்டர்ல இருக்கான்னு பார்க்கணும். இந்த ஊருதான். நாஜியா. எங்க பையனுக்குப் பேசியிருக்கோம். கொஞ்சம் ஒல்லியா இருக்கு, எங்க வீட்டுல பயப்படுறாக."

யா அல்லா! அந்தப் பாழாய்ப்போன பெட்டியில் நட்சத்திரங்கள் இன்னும் பறந்துகொண்டிருந்தன.

"முடியாது பாய். கோவிச்சுக்கிடாதீக."

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் தம்பி."

"நானும் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் பாய்."

"இல்லைன்னா இல்லைன்னு சொல்லிட்டுப் போறதுதானே? நீங்க வாயை மூடுறதைப் பார்த்தா இருக்குன்னுல்ல அர்த்தமாகுது?"

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"உங்க பையன் பேரைக் கேட்டு யாரு வந்தாலும் இதே பதில்தான் சொல்லுவேன் பாய். அப்ப உங்க பையனுக்கு நோய்னு அர்த்தமா?"



"அதுவும் சரிதான்," என்றது நைனா முகம்மதுவின் குரல். "பாவம், பச்சைப்பிள்ளை. நான் இப்படி வந்து கேட்டதே தப்பு. வெள்ளிக்கிழமை போய்ப் பேசி முடிச்சிருதோம். நான் வந்ததை மட்டும் மறந்துருங்க தம்பி."

செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. முனியராஜ் உள்ளே வந்து, ஒன்றுமே நடக்காததுபோல் நோட்டை எடுத்துக்கொண்டான்.

மெகருன்னிசாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஆறு மாசம், வாரத்துக்கு மூணு நாள், நாஜியா இதே ஆபீசில் மாத்திரை முழுங்கினாள். ஒன்று விடாமல் பதிந்தவன் இவன்தான். பூரண குணம் என்று இவன் தட்டிய அன்றைக்கு, சந்தோஷம் தாங்காமல் அவள் இவனுக்குப் பொரிச்ச புரோட்டா வாங்கிக் கொடுத்தாள்.

"ஏம்ப்பா," என்றாள் மெதுவாக. "எங்க நாஜியா பேரு இன்னமும் அதுல கெடக்கா?"

முனியராஜ் நிமிரவே இல்லை.

"எந்த நாஜியாம்மா?"