தபால் செலவில் பாதி

இணைய ஏலத்தில் எடுத்த பழைய மெஷின் வந்து சேர்ந்ததும், ஆடிட்டர் முதலில் பார்த்தது பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தபால் ரசீதைத்தான். மெஷினை எடுத்து ஓடவிட்ட பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை.

"தபால் செலவுன்னு என்கிட்ட வாங்கினதுல பாதிதான் இதுக்கு ஆகியிருக்கு. பகல் கொள்ளை!"

"விடுங்க... மெஷின்தான்... நல்லா ஓடுதே," என்றாள் கட்டிலில் கிடந்த மனைவி.

"எப்படி விடறது? முப்பது வருஷம் ஊரான் கணக்கையெல்லாம் வரி விடாமத் துருவினவன் நான். என்கிட்டயேவா?"

விற்றவனைப் போனில் பிடித்தார்.

"சார், அது ரெண்டு..."

"கதை விடாதே!"

அவன் எண்ணை பிளாக் செய்துவிட்டு, ரசீதைப் படம் எடுத்து ஏலத் தளத்துக்குப் புகார் அனுப்பினார்.

மூன்றாம் நாள் காலை தபால் செலவில் பாதி திரும்பி வந்தது.

"பாத்தியா, கக்க வெச்சுட்டேன்!"

அன்று மத்தியானம் கரண்ட் போனது. மெஷின் ஒருமுறை அலறி அடங்கியது. மனைவியின் மூக்கிலிருந்த குழாயில் ஆக்சிஜன் நின்றது. அவள் கை அவர் சட்டையைப் பற்றியது.

"கரண்ட் போனாலும் பேட்டரியில ஓடும்னு போட்டிருந்தானே!"

மெஷினைத் திருப்பினார். பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை எடுத்தார். காலையில் ஏலத் தளத்திலிருந்து வந்த செய்தி இன்னும் திரையிலேயே இருந்தது. பணம் வந்த சந்தோஷத்தில் அவர் படிக்காமல் விட்ட கடைசி வரிகள்:

"பேட்டரியை மெஷினோடு சேர்த்து அனுப்ப அனுமதியில்லை. அது தனி பார்சலில் வந்துகொண்டிருந்தது. அதற்கான தபால் செலவை நீங்கள் மறுத்ததால், பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்டது."