குட்டை வேர்

"நீங்கள்லாம் ஒரு டாக்டரா? என் பொண்ணு பல்லை ஆட்டிவிட்டுட்டு, கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்களே!"

அம்மாக்காரி போட்ட கூச்சலில், வெளியே காத்திருந்தவர்கள் எல்லாம் பத்திரிகையை மடக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

நாற்காலியில் சாய்ந்திருந்த பொண்ணு, நாக்கு நுனியால் மேல் முன்பல்லைத் தொட்டுப் பார்த்தாள். ஆடியது. மறுபடி தொட்டாள். மறுபடி ஆடியது. பதினாறு வயசுப் பொண்ணுக்கு அழுகை வராமல் என்ன செய்யும்?

ஓரமாய் நின்ற நர்ஸக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொண்ணு மேல் இல்லை, அம்மாக்காரி மேல்.

பன்னிரண்டு வருஷமாய் இதே பல் கிளினிக். எத்தனை அம்மாக்காரிகளைப் பார்த்திருப்பாள்! இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை.

பொண்ணுக்குப் பிறவியிலேயே முன்பற்களுக்கு வேர் குட்டை. மற்றவர்களுக்கு இருப்பதில் பாதிகூட இல்லை. முன்னே துருத்திக்கொண்டிருக்கும் பல்லை உள்ளே தள்ள வேகமாய் இழுத்தால், இருக்கிற வேரும் கரைந்து பல் கையோடு வந்துவிடும். அதனால்தான் டாக்டர் பூப்போல இழுத்துக்கொண்டிருந்தார். மூன்று மாசத்துக்கு ஒரு எக்ஸ்ரே. பல்லில் கட்டிய கம்பியில் வீட்டிலேயே தினமும் மாட்டிக்கொள்கிற ரப்பர்கூட இருப்பதிலேயே மெல்லிசு.

அம்மாக்காரிக்குப் பொறுத்தால்தானே? வரும்போதெல்லாம் ஒரே பல்லவி. "எங்க பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரே வருஷத்துல கிளிப்பைக் கழட்டிட்டாங்க. நீங்க என்ன இப்படி இழுத்தடிக்கிறீங்க?"

இன்றைக்கு எக்ஸ்ரேயில் வேர் இன்னும் தேய்ந்திருக்கிறது. தேயாமல் என்ன செய்யும்? அவசரக்குடுக்கை! சீக்கிரம் முடியட்டும் என்று ஒரு ரப்பருக்கு இரண்டாய் மாட்டிவிட்டிருப்பாள். நர்ஸக்காவுக்கு அதில் துளிகூடச் சந்தேகம் இல்லை.

"சொல்லுங்க டாக்டர், இது யார் தப்பு?"

'எல்லாம் உன் தப்புதான் தாயே!' என்று வாய்வரை வந்ததை நர்ஸக்கா விழுங்கினாள். டாக்டரே சொல்லட்டும். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கட்டும்.

டாக்டர் முகக்கவசத்தை இறக்கினார். "என் தப்புதாம்மா. பல்லு தாங்குற அளவைவிட ரப்பரோட இழுப்பு அதிகமாயிடுச்சு. நான் இன்னும் கவனமா இருந்திருக்கணும். மன்னிச்சுக்குங்க."

நர்ஸக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடக் கடவுளே! இந்த மனுஷனுக்கு ரோஷமே கிடையாதா?

"மன்னிப்புக் கேட்டா பல்லு நிக்குமா?"

டாக்டர் பொண்ணு பக்கம் குனிந்தார். "நிக்கும்மா. கம்பியை இப்பவே கழட்டிடறேன். ரப்பரும் வேண்டாம். ஆறு மாசம் உன் பல்லுக்கு லீவு. இழுக்கிறதை நிறுத்தினா தேயறதும் நின்னுடும், ஆட்டமும் குறையும். போன வேர் திரும்பி வராது, அதுல பொய் சொல்ல மாட்டேன். மிச்சத்தைக் காப்பாத்திடலாம். சரியா?"

பொண்ணு மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள்.

கம்பியைக் கழற்றி முடித்ததும் அம்மாக்காரி மகளை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். படி இறங்கும்போதும் வாய் ஓயவில்லை. "ஒரு வேலையில கவனம் இருக்கா பாரு!"

கதவு சாத்தியதுதான் தாமதம், நர்ஸக்கா வெடித்தாள்.

"ஏன் டாக்டர், நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? அந்தம்மா வீட்டுல ரெண்டு ரெண்டா மாட்டிவிட்டுட்டு இங்க வந்து குதிக்கிறாங்க, நீங்களும் பேசாம வாங்கிக் கட்டிக்கிறீங்க!"

"ரெண்டு மாட்டலம்மா. பொண்ணுகிட்ட கேட்டேன். சொன்னபடி ஒண்ணுதான்."

"ஒண்ணு மாட்டினா வேர் எப்படித் தேயும்? நான் முயல்தானே குடுத்தேன்!"

ரப்பர் பொட்டலங்களில் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு மிருகத்தின் படம் போட்டிருக்கும். முயல்தான் இருப்பதிலேயே மெல்லிசு. 'முயல் மட்டும்' என்று பொண்ணின் ஃபைலில் டாக்டர் சிவப்பு மையிலேயே எழுதி வைத்திருந்தார்.

டாக்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "நீங்க எக்ஸ்ரே ஃபிலிமை எடுத்துட்டு வரப் போனப்ப அந்தப் பொண்ணு குடுத்தது."

படத்தில் யானை நின்றது. அதன்கீழே பொண்ணின் பெயரும் கொடுத்த தேதியும், நர்ஸக்காவின் கையெழுத்தில்.

அவள் பொட்டலத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அன்றைக்கு அந்த அம்மாவோடு மல்லுக்கு நின்றுகொண்டே, 'நிதானம் வேணும்மா, அவசரப்பட்டா பல்லு போயிடும்' என்று உபதேசம் பண்ணிக்கொண்டே, இழுப்பறையில் கையை விட்டு, பார்க்காமலே எடுத்துப் பெயரெழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"டாக்டர்... நான்தான்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

"குடுக்கிறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பார்த்திருக்கணும். பார்க்கல. அப்புறம் யார் தப்பு?" என்றபடி டாக்டர் கை கழுவப் போனார்.

கீழே தெருவில் அம்மாக்காரியின் குரல் இன்னும் கேட்டது. "இந்த டாக்டரைப் பத்தி நாலு பேர்கிட்ட சொல்லாம விடமாட்டேன்!"

நர்ஸக்கா செருப்புகூட மாட்டாமல் இரண்டிரண்டு படியாய்த் தாவி இறங்கினாள். "அம்மா, நில்லுங்க! சொல்றதா இருந்தா என் பேரைச் சொல்லுங்க!"