நூற்றியோராவது கல்

வெள்ளம் ஆற்றுக் கற்களை எவ்வளவு தூரம் உருட்டிச் செல்கிறது என்பதுதான் என் ஆய்வு. மழைக்கு முன் நூறு கற்களுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, எண் எழுதி, படித்துறைக்கு நேரே ஆற்றில் வரிசையாகப் போட்டேன். வெள்ளம் வடிந்ததும் அவற்றைத் தேடி நடந்தேன். ஒரு வாரத்தில் அறுபத்திரண்டு கிடைத்தன. கல் ஒதுங்கிய இடத்தை நான் நோட்டில் குறிப்பதைத் துணி துவைக்க வரும் பூரணம் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டாம் நாள் அவள் துணி இல்லாமல் வந்தாள். இடுப்பில் ஒரு கல் இருந்தது.

"மேடம், இதுக்கும் மஞ்ச அடிச்சுத் தாங்க. இங்கனயே போடணும்."

"இவ்வளவு பெரிசு வேண்டாம்க்கா. என் கல்லெல்லாம் அரைக் கிலோதான்."

"இது பதிமூணு கிலோ. ரேஷன் கடையில நிறுத்துப் பாத்துட்டுத்தான் தூக்கிட்டு வாரேன். பால்வாடியில கடைசியா எடை போட்டப்ப பாப்பா அவ்வளவுதான் இருந்தா. போன வருச ஐப்பசி வெள்ளத்துல இந்தப் படியிலதான் வழுக்கி விழுந்தா. இன்னும் கிடைக்கல."

கல் தரையோடு உருளும், உடம்பு மிதக்கும், இரண்டும் ஒரே இடத்தில் ஒதுங்காது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன். அவள் இடுப்பில் இருந்தபடியே கல்லுக்கு மஞ்சள் அடித்து, நூற்றியொன்று என்று எழுதினேன். பெயிண்ட் அவள் சேலையிலும் ஒட்டியது.

"காயிற வரைக்கும் கீழ வைங்கக்கா. கை வலிக்கும்."

அவள் கல்லை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.