சாக்கடையின் சொந்தப் பேர்

சாக்கடைமேல் பலகை போட்டு மேடை கட்டியிருந்தார்கள். பேச்சாளர் மைக்கைப் பிடித்து, "எதிர்க்கட்சி ஒரு சாக்கடை! அதில் இருக்கிறவனெல்லாம் பெருச்சாளி!" என்று கத்தினார். கைதட்டலில் பலகை அதிர்ந்தது.

அடியில் கிடந்த பெருச்சாளிக்கு ரோமம் சிலிர்த்தது. "கேட்டியா அக்கா? நான் தின்னுறது இவன் எறிஞ்ச எச்சில். ஊர்ச் சொத்தைத் தின்னவனுக்கு எதுக்கு என் பேரை வைக்கிறான்?"

"உனக்காவது பொறந்ததிலேர்ந்து ஒரே பேர்," என்றது சாக்கடை. "என் பேர் வாய்க்கால். இந்தத் தெருவே என்கிட்டதான் குடத்துல தண்ணி மொண்டுச்சு. முதல்முதலா கக்கூஸ் குழாயை எனக்குள்ள திருப்பினது இவன் அப்பன். மறுநாளே மூக்கைப் பொத்திக்கிட்டு என் பேரை மாத்திட்டான்."

கூட்டம் கலைந்தது. காலி பிரியாணிப் பொட்டலங்களை எல்லோரும் சாக்கடையில் வீசிவிட்டுப் போனார்கள். அதன் வாய் அடைத்துக்கொண்டது.

ஐப்பசி மழையில் தண்ணீர் போக வழியில்லாமல் பேச்சாளரின் வீட்டுக் கூடம்வரை ஏறியது. "ஐயோ, சாக்கடை வீட்டுக்குள்ளே வந்துவிட்டதே!" என்று அவர் அலறினார்.

"கத்தாதடா," என்றது சாக்கடை. "தண்ணி மட்டுந்தான் என்னுது. மத்ததெல்லாம் உன் வீட்டுது. நீயே வச்சுக்கோ."