கூட்டாத வாசல்

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், தயானி விளக்குமாற்றை எடுத்தாள். "நேத்துல இருந்து வாசல் குப்பையா கிடக்கும்மா. கூட்டிரவா?"

வேலாயி அதைப் பிடுங்கிக்கொண்டாள். "பயணம் கெளம்புனவங்க போய்ச் சேருற வரைக்கும் கூட்டக் கூடாதுடி. அந்தப் போனைப் பார்த்து இன்னும் எவ்வளவு நேரமாகும்னு சொல்லு."

"பதுளையில இருந்து கொழும்புக்கு ரோட்டுல ஏழு மணித்தியாலம். அங்க இருந்து கராச்சிக்கு பிளேன்ல நாலு மணித்தியாலந்தாம்மா."

"அடியாத்தி! அத்தனை தூரத்துக்கு நாலே மணித்தியாலமா? பதுளைக்கு பஸ்ல போனாலே வாந்தி எடுக்கிற மனுசன் ஒங்கப்பா. பிளேன்ல என்ன பண்றாரோ!"

தயானி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"அப்புத்தளையில மண்ணு சரிஞ்சு ரோட்டை மறிச்சப்பவே எனக்குப் பாதி உசிரு போச்சு. நேரத்துக்குப் போய்ச் சேரணுமே, சாமி!"

போன் அடித்தது. தயானி பேசி முடித்து, அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"கொழும்புல இருந்து டொக்டரம்மா பேசினாங்க. அப்பாவோட ரெண்டு கண்ணும் பழுதில்லாம கராச்சி போய்ச் சேர்ந்திருச்சாம். நாளைக்கு ரெண்டு பேருக்கு வச்சிருவாங்களாம். ஒனக்கு நன்றி சொல்லச் சொன்னாங்கம்மா."

நேற்று கணவன் அழகையாவைப் புதைத்த தேயிலை மலையைப் பார்த்தாள் வேலாயி. பிறகு மேற்கே திரும்பி, கராச்சி இருக்கும் திசை இதுதான் என்று நினைத்துக்கொண்டு கைகூப்பினாள்.

"நன்றி நாமதான்டி சொல்லணும்! பதுளையத் தாண்டாத மனுசனுக்கு அந்தப் புண்ணியவானுங்க ஒலகத்தையே காட்டப் போறாங்க."

குனிந்து வாசலைக் கூட்டத் தொடங்கினாள்.